உதடு சேராத சொல்

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்கள். எனக்கு இந்தப் பக்கமே போதும். சானடோரியம் நிறுத்தம் வந்தால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் இந்த வழியில் அதிகம் வந்ததில்லை. நீங்கள் தாம்பரமா? அப்படியானால் எனக்குப் பிறகுதான் இறங்குவீர்கள். நல்லது.

ஏழரைக்குள் போய்விடுவோமா? கிண்டி தாண்டுவதற்கே இவ்வளவு நேரம் ஆகிவிட்டதே என்று கேட்டேன். சீக்கிரம் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. போய்விடுவோமா என்றுதான் கேட்டேன். இரண்டும் வேறு.

ஏழரைக்கு ‘வானத்துச் சிங்கங்கள்’ கடைசிப் பாகம். நீங்கள் பார்ப்பதுண்டா? உங்கள் வீட்டில் பார்ப்பார்களா? சரி. இந்தியில் எடுத்து, தமிழில் பேச வைத்த தொடர் அது. சண்டை விமானம் ஓட்டினவர்களின் கதை. அதில் ஸ்குவாட்ரன் லீடர் சோலங்கி என்று ஒருவர் வருவார், முறுக்கு மீசை வைத்துக்கொண்டு. அந்த மீசைக்காரருக்குக் குரல் கொடுப்பது நான்தான்.

பார்த்தீர்களா, நீங்களும் திரும்பிப் பார்க்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். குரலைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அதனால்தான் நான் வெளியில் அதிகம் பேசுவதில்லை. என் பெயர் வேதகிரி. எட்டாவதோடு நின்றவன். முதலில் நாடகக் குழுவில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். பிறகு டப்பிங். நாற்பது வருஷம் இருட்டு அறைக்குள் மைக்குக்கு முன்னால் நின்றாயிற்று. யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

இன்றைக்கு உங்களிடம் ஒரு நியாயம் கேட்கவேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் போய் நின்றுகொண்டார்கள். நீங்கள் எனக்கும் வேண்டியவர் இல்லை, அவருக்கும் வேண்டியவர் இல்லை. உதடு சேரவேண்டுமா, வேண்டாமா? இவ்வளவுதான் கேள்வி.

சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் அர்த்தம் பிறகு, உதடு முதலில். திரையில் இருக்கிறவன் இந்தியில் வாயசைக்கிறான், அதே வாயில் நான் தமிழை வைக்கவேண்டும். அவன் உதட்டை மூடினால் என்னிடம் ஒரு ‘ப’ இருக்கவேண்டும், அல்லது ஒரு ‘ம’ இருக்கவேண்டும். அவன் வாயைக் குவித்தால் எனக்கு ஒரு ‘ஓ’ வேண்டும், ஒரு ‘ஊ’ வேண்டும். நான் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு வாயை மட்டும் பார்ப்பேன். எத்தனை இடத்தில் மூடுகிறது, எத்தனை இடத்தில் திறக்கிறது என்று விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் சொல். என் குரலை வைத்த எந்த வாயும் இதுவரை தவறாகப் பேசியதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

இந்தத் தொடரில் ஒரு காட்சி. எழுபத்தொன்றில் நடந்த சண்டை. சோலங்கியும் அவருக்குத் துணையாக வந்த நாதன் என்ற சின்னப் பையனும் ஆளுக்கொரு சின்ன விமானத்தில் போகிறார்கள். எதிரி நாலு பேர். நாதனுடைய துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. சுட முடியவில்லை. சோலங்கியின் முகத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். முகமூடியை ஒரு பக்கம் தொங்கவிட்டிருக்கிறான், நெற்றியில் வியர்வை, மீசை துடிக்கிறது. அவன் சொல்வது இரண்டே சொல். ‘தூ ஜா.’

நீ போ என்று அர்த்தம். எனக்கும் தெரியும். எழுதி வந்த தாளிலும் ‘நீ போ’ என்றுதான் இருந்தது.

இப்போது வாயைப் பாருங்கள். ‘தூ’, வாய் குவிகிறது. ‘ஜா’, வாய் அகலத் திறக்கிறது. தமிழில் ‘நீ’ என்றால் வாய் இரண்டு பக்கமும் இழுக்கிறது. ‘போ’ என்றால் உதடு மூடிக் குவிகிறது. அவன் குவிக்கும் இடத்தில் நான் இழுக்கிறேன், அவன் திறக்கும் இடத்தில் நான் மூடுகிறேன். அப்படியே எதிர். இப்படி ஒன்று என் வாழ்க்கையில் வந்ததில்லை. ‘கிளம்பு’ போட்டுப் பார்த்தேன், நடுவில் உதடு மூடுகிறது. ‘போயிடு’, ஆரம்பத்திலேயே மூடுகிறது. நர்மதா, அவர்தான் எங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது வந்து விழுந்தது.

‘ஓடுடா.’

‘ஓ’, குவிகிறது. ‘டா’, திறக்கிறது. அச்சில் வார்த்த மாதிரி. அவன் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி இருந்தது. சவுண்ட் இன்ஜினியர் தாஜுதீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் எழுந்து நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ‘அண்ணே, உங்களை விட்டா ஆளே இல்லண்ணே’ என்றான். அதே தாஜுதீன்தான் இப்போது என்னுடன் பேசுவதில்லை.

ஒரு நிமிஷம். போன் அடிக்கிறது. அவர்தான், நான் பார்க்கப் போகிறவர். இருக்கட்டும், வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. ஒரு காது வேறு அவருக்குச் சரியில்லை.

எங்கே விட்டேன்? ஓடுடா. அந்தக் காட்சியை விளம்பரத் துண்டாகப் போட்டார்கள். ஒரு வாரம் முழுக்க, எந்த நேரம் டிவியைத் திறந்தாலும் சோலங்கி ‘ஓடுடா’ என்கிறான், உடனே நாதன் முகம், வியர்த்துப்போய், கண் அங்குமிங்கும் அலைகிறது, விமானம் திரும்பி ஓடுகிறது. பின்னால் ஒரு இசை. பிள்ளைகள் தெருவில் ‘ஓடுடா, ஓடுடா’ என்று விளையாடினார்கள். எங்கள் தெருவிலேயே விளையாடினார்கள். நான் மாடியிலிருந்து கேட்டேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பா?

நர்மதா போன் செய்தார். ‘வேதகிரி சார், ஒருத்தர் தினமும் கூப்பிடறார். அந்த நாதன் நான்தான்ங்கறார். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் இருக்காராம்.’

‘நாதன் உயிரோட இருக்காரா?’ என்று கேட்டேன்.

‘நிஜக் கதைன்னு முதல் எபிசோட்லயே எழுத்துல கார்டு போட்டாங்களே சார்.’

அந்தக் கார்டை நான் கவனிக்கவில்லை. கார்டுக்கு உதடு கிடையாது.

அவர் வந்தார். முழுப் பெயர் பாக்கியநாதன். பாளையங்கோட்டைக்காரர். விங் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் வருகிற நாதன் குண்டாக, வேர்த்து வடிகிறவனாக இருப்பான். இவர் ஒல்லி. தேய்த்த சட்டையை உள்ளே விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது காது கேட்காது, ‘விமானம் தின்னுட்டுது’ என்றார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எனக்கு எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை.

நர்மதா தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். டப்பிங் தியேட்டருக்கு வெளியே கடையில் நின்றோம். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

‘அய்யா, அந்தச் சண்டை உங்க நாடகத்துல எத்தனை நாள் ஓடுச்சு?’

‘ரெண்டு எபிசோட் சார்.’

‘நிஜத்துல நீங்க நடுவுல விடுற விளம்பர நேரம்கூட இல்ல. அந்த நேரத்துல உங்க சோலங்கி பெண்டாட்டி படத்தை எடுத்துப் பாக்குறார், கண்ணாடி வழியா எனக்கு சல்யூட் அடிக்கிறார், நாட்டைப் பத்தி ஒரு பிரசங்கம் பண்றார். எதிராளி நாலு பேரும் அதுவரைக்கும் மரியாதையா காத்துக்கிட்டு இருக்கானுங்க.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு கேட்டார். ‘மாஸ்க்கை ஏன் தொங்க விட்டிருக்கான் அந்தப் பையன்?’

‘முகம் தெரியவேண்டாமா சார்? ஹீரோ.’

‘மைக்கே அந்த மாஸ்க்குக்குள்ளதான்யா இருக்கு. அதைக் கழட்டிப் போட்டுட்டுப் பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்?’

படம் பிடித்தவன் மும்பைக்காரன். நான் வாய்க்குச் சொல் வைக்கிறவன், அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது. ‘நிஜமா சோலங்கி என்ன சொன்னார்னு உங்களுக்குச் சொல்லணும்யா. இங்கிலீஷ்லதான் சொன்னார். “கோ ஹோம், நாதன்.” கத்தல. சாப்பாட்டுக்கு உக்காந்த பிள்ளையைக் கை கழுவிட்டு வான்னு சொல்ற மாதிரி சொன்னார். துப்பாக்கி சிக்கினா திரும்பிரணும்ங்கிறது முறைதான். ஆனா முறைன்னு நானாத் திரும்பல. அவர் சொன்னார், திரும்பினேன். அவர் திரும்பி வரல.’

நானும் என் குவளையைக் கீழே வைத்தேன்.

‘அவர் முகத்தை நான் பாக்கல. வாயைப் பாக்கல. காதுல ஒரு குரல், அவ்வளவுதான். அம்பது வருஷமா அந்த ஒரு சொல்லை வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுறேன், படுக்குறேன். இன்னிக்கு எங்க குடியிருப்புல நடக்கப் போனா சங்கச் செயலாளர் கேக்குறான், “என்ன சார், இன்னிக்கு நடையா, ஓட்டமா?” சின்னப் பிள்ளைங்க சைக்கிள்ல வந்து “ஓடுடா நாதன்”ங்குது. அதுங்களுக்கு என்ன தெரியும்? ஆனா எனக்கு இப்ப என்ன ஆகுதுன்னா அய்யா, ராத்திரி படுத்தா அவர் குரல்லயே அந்தச் சொல் கேக்குது. உங்க சொல்.’

அவர் குரலில் இல்லை, என் குரலில் என்று திருத்த நினைத்தேன். சோலங்கியின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே. ஆனால் அந்த நேரத்தில் அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் இரக்கமில்லாதவன் இல்லை. அவருக்குச் சிக்கலை விளக்கினேன். ‘போ’வில் உதடு மூடுகிறது, அவன் வாய் திறந்திருக்கிறது என்று என் வாயாலேயே செய்து காட்டினேன். கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். பாக்கியநாதன் என்னையே நெடுநேரம் பார்த்தார். பிறகு, ‘நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்கய்யா’ என்றார்.

‘கண்ணை மூடினா எப்படி சார் பாக்கறது?’ என்றேன்.

அதற்குச் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பல்லாவரம் வந்துவிட்டதா? இவ்வளவு சீக்கிரமாகவா? நடுவில் நெரிசலே இல்லையா இன்றைக்கு?

சரி. கடைசிப் பாகத்தில் அதே காட்சி மறுபடி வருகிறது. நாதன் வயதாகி நினைத்துப் பார்க்கிற மாதிரி. அதில் மாற்றிவிடலாம் என்று நர்மதா அவருக்கு வாக்குக் கொடுத்தார். படத்தில் கை வைக்க முடியாது, அது மும்பை வேலை. சொல்லை மாற்றலாம். அன்றைக்கே மாற்றினோம்.

அவரைத் தாஜுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வலது காதில் ஹெட்போன். நான் உள்ளே மைக் முன்னால். விளக்கு அணைந்தது. திரையில் சோலங்கி வாயைக் குவித்தான். ‘நீ போ, நாதா’ என்றேன்.

தாஜ் உள்ளே பேசினான். ‘அண்ணே, பெரியவர் இன்னொரு தடவை கேக்கறார்.’

மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டார். சத்தம் கூடிவிட்டதாம். மூன்றாவது தடவை, எனக்கே தெரியாமல், அந்தக் கை கழுவச் சொல்கிற குரல் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் கத்தவில்லை. மெல்லச் சொன்னேன், வீட்டுக்குள் ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோல.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலையை அசைத்தார். ஹெட்போனைக் கழற்றவில்லை. அடுத்த காட்சி ஓட ஆரம்பித்த பிறகும் கழற்றவில்லை. தாஜ் அவர் தோளில் கையை வைத்து அப்படியே இருந்தான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். மூன்று தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். திரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. பார்க்காதவருக்கு உதடு சேர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ‘சனிக்கிழமை நீங்க எங்க குடியிருப்புக்கு வரணும்யா. கீழே ஹால்ல பெரிய டிவி இருக்கு. எல்லாரையும் கூப்பிடப்போறேன். அந்தச் செயலாளரையும், சைக்கிள் பிள்ளைங்களையும். நிஜமா அவர் என்ன சொன்னார்னு எல்லாரும் ஒரு தடவை கேக்கட்டும். நீங்க எனக்குப் பக்கத்துல உக்காரணும்.’

நான் சரி என்றேன். கூட்டத்தில் உட்கார எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவரிடம் வேறென்ன சொல்வது?

அவர் போன பிறகு தாஜ் அந்தக் காட்சியைப் பெரிய திரையில் ஓட்டினான். வழக்கம்தான், அனுப்பும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். நான் பார்த்தேன். வாய் அகலத் திறக்கிறது, ‘போ’ என்கிறது. மூடவேண்டிய சொல்லுக்குத் திறந்து கிடக்கிறது வாய். நாய் குரைக்கும்போது பூனைச் சத்தம் வருவதுபோல. எனக்கு உடம்பு கூசிவிட்டது.

‘தாஜ், இது ஆகாது’ என்றேன்.

‘எதுண்ணே?’

‘உதடு.’

‘அண்ணே, கண்ணை மூடித் திறக்கிற நேரம்ணே அது. யார் பாக்கப்போறாங்க?’

‘நான் பாப்பேன்.’

நர்மதா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ‘போகட்டும் விடுங்க சார், சேனல்ல யாரும் கேக்கமாட்டாங்க’ என்றார். உங்களுக்கு எது சரியோ அப்படி அனுப்புங்கள் என்றும் சொன்னார். அதை இப்போது மறந்துவிட்டார். எனக்கு எது சரியோ அப்படி என்று அவர் சொன்னது என் காதில் இருக்கிறது.

நான் உள்ளே போய் நின்றேன். தாஜ் பொத்தானைத் தொடவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

‘பெரியவருக்கு என்னண்ணே சொல்றது?’

‘அவர்தான் பாக்கவே இல்லையேப்பா.’

அவன் மேஜைப் பக்கம் திரும்பி, பொத்தானை அழுத்தினான். ஒரே தடவையில் வந்தது. ‘ஓடுடா.’ குவிந்தது, திறந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. நான் வெளியே வந்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், கட்டை விரலைத் தூக்கவில்லை. அன்று சாயங்காலமே மும்பைக்குப் போய்விட்டது. அதிலிருந்து தாஜைக் கூப்பிட்டால் ‘ம்’ என்கிறான். வேறு பேச்சில்லை. ‘ம்’முக்கு உதடு மூடவேண்டும், அதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறான் போலிருக்கிறது. நர்மதா அடுத்த தொடருக்கு வேறு ஆளைப் பார்க்கிறாராம். நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் நின்றவனுக்கு, உதடு சேர்த்ததற்காக இது. நீங்களே சொல்லுங்கள்.

என்ன, ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்?

அவருக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? காலையில் போன் செய்தார். மறக்காமல் வரவேண்டும், மருமகள் பஜ்ஜி போடுகிறாள் என்றார். போனை வைக்கும் முன், ‘அன்னிக்குச் சொன்னீங்களே, அதே மாதிரிதானே வரும்?’ என்று கேட்டார்.

‘சுத்தமா வந்திருக்கு சார்’ என்றேன்.

அது பொய் இல்லை. சுத்தமாகத்தான் வந்திருக்கிறது.

நான் என்ன நினைத்தேன் என்றால், அவர் பெரிய படிப்பாளி, கட்டுப்பாடாக வாழ்ந்தவர். ஒரு வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் அவருக்குத் தெரியும். பெரிய டிவி வேறு. இவ்வளவு பெரிதாக முகம் வரும். அந்த வாயும் அந்தச் சொல்லும் ஒன்றாகச் சேர்வதை அவர் தன் கண்ணால் பார்த்துவிட்டால், முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டாலும், பிறகு அவரே, ‘ஆமாய்யா, இதுதான் சரி’ என்று... பக்கத்தில் உட்கார்ந்து நானே காட்டிக் கொடுக்கலாம், பாருங்கள் சார் என்று. அப்படித்தான் நினைத்துக்கொண்டு புறப்பட்டேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். இதோ, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மிக்சர் வாங்கி வைத்திருக்கிறேன்.

வண்டி ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. அவர் பார்க்கமாட்டார்.

அந்தக் காட்சி வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். எல்லாரும் பார்ப்பார்கள், செயலாளர் பார்ப்பார், பிள்ளைகள் பார்ப்பார்கள். அவர் மட்டும் வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காது மட்டும்தான். அங்கே நான் எந்த உதட்டைக் காட்டுவது?

குரோம்பேட்டையா இது? இனி எத்தனை நிறுத்தம்?

என்ன சொல்கிறீர்கள்? டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, நானே எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொல்வதா? அந்த இடம் வரும்போது, அந்தக் குரலில்?

நல்ல யோசனைதான். முடியாதது இல்லை. நாடகத்தில் நடிகன் வசனத்தை மறந்தபோதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து நான் குரல் கொடுத்திருக்கிறேன். ஆனால் அங்கே திரை ஏது? வெளிச்சமான ஹால். நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறப்பதையும் மூடுவதையும் பார்ப்பார்கள். இல்லை, அது என்னால் ஆகாது. இந்த வயதில் அதெல்லாம் பழக்கம் இல்லை. தவிர, திரையில் அவன் வாய் ஒன்று செய்ய, இங்கே நான் ஒன்று சொல்ல, அது மறுபடி அதே...

போன் மறுபடி அடிக்கிறது. இருக்கட்டும்.

எடுத்து என்ன சொல்வது? வந்துகொண்டிருக்கிறேன் என்றா? வந்துகொண்டுதானே இருக்கிறேன். அது அவருக்கே தெரியும்.

இந்த வண்டி ஏன் இப்படிப் பறக்கிறது? கிண்டியில் ஊர்ந்தான், இங்கே வந்ததும் பறக்கிறான்.

சானடோரியமா? இதுவா? இருங்கள், நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். பலகையில் அப்படித்தான் போட்டிருக்கிறதா?

அதோ, அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில். வெள்ளை முடி, சட்டையை உள்ளே விட்டு, வலது காதில் போனை வைத்துக்கொண்டு. நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். எனக்கு வழி தெரியாது என்று வந்திருப்பார். பக்கத்தில் ஒரு பையன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், அவனையும் கூட்டி வந்திருக்கிறார். இறங்குகிற ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறார்.

கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். செருப்பு கழன்றுவிட்டது, மாட்டிக்கொள்கிறேன். இல்லை, நீங்கள் எழவேண்டாம். எழவேண்டாம், அப்படியே இருங்கள்.

தெரியும். என் நிறுத்தம்தான், தெரியும். கூட்டமாக இருக்கிறது, இவர்கள் எல்லாம் இறங்கட்டும். அடுத்ததில் இறங்கி நடந்து வந்தால் போகிறது. தாம்பரத்திலிருந்து திரும்பி வரவும் வண்டி இருக்குமே? இருக்கும், இல்லையா?

விசில் கொடுத்துவிட்டாரா?

நான் குனிந்திருக்கிறேன், கண்டக்டரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. வாய் தெரியவில்லை. ‘போலாம்’ என்றுதானே சொன்னார்? நீங்கள் கேட்டீர்கள் இல்லையா?

எனக்கும் அப்படித்தான் கேட்டது.